இருபத்தேழு மணி நேரம் நின்றவர்

– உலகத்துலயே மனுஷனைக் காக்க வைக்காத ஒரே இடம் இந்தப் பார்க்குல நம்ம படகுத்துறைதான் மாப்ள. பேச்சுக்குச் சொல்லல. ஆஸ்பத்திரியில காக்க வைக்கிறான், பேங்க்ல காக்க வைக்கிறான், சுடுகாட்டுல பொணத்துக்கே டோக்கன் குடுத்து ஓரமாப் படுக்க வைக்கிறான். இங்க வந்து நின்னேன்னு ஒருத்தன் சொல்லட்டும், நாளையிலேர்ந்து நான் பேசறதையே நிறுத்திடறேன். காலை நடுவுல வைங்கம்மா. குழந்தையை முதல்ல குடுங்க. ஆங், போலாம்!

– அத்தான், நான் வந்த விஷயத்தைச் சொல்லிடறேனே.

– இரு. பாத்துக்கோ. மொத்தம் பன்னெண்டு படகு. இருட்டுக்குள்ள போய் நிலாவையும் முயலையும் பாத்துட்டு வெளிய வர ஆறு நிமிஷம். அரை நிமிஷத்துக்கு ஒண்ணு இந்த மேடையில வந்து இடிக்கும். அந்த அரை நிமிஷத்துக்குள்ள இறக்கணும், ஏத்தணும், கம்பியைப் போடணும், தள்ளணும். இருபத்திரண்டு வருஷமா ஒரு படகு காலியாப் போனதில்ல. வாங்க சார், ஆறு பேரும் ஏறுங்க. தொப்பியைப் பிடிச்சுக்கோங்க. போலாம்!

– உங்க படகை மூடறாங்க.

– என்னது?

– அடுத்த மாசம் முதல் தேதி. நீங்க வேலையைப் பாத்துக்கிட்டே கேளுங்க. நிறுத்தினா மேலேர்ந்து யாராவது பாப்பாங்க.

– டையைக் கட்டிக்கிட்டு ஏழாவது மாடி ஆபீஸ்லேர்ந்து வெயில்ல இறங்கி வந்தப்பவே நினைச்சேன். எதுக்கு மூடறாங்க? தண்ணி ஒழுகுதா?

– இல்ல. அதாவது, இதை இடிச்சிட்டு இதே இடத்துல இன்னொரு பல்லிக் குகை கட்டறாங்க.

– இன்னொண்ணா? முதல் குகைக்கே ஆள் இல்லையேடா! எதைப் பாத்து அதைக் கட்டினாங்களோ அந்தப் பல்லிப் படம் தியேட்டர்ல மூணு நாள் ஓடுச்சு. மூணாவது நாள் ஓடினதுகூட ஆபரேட்டர் தூங்கிட்டதாலன்னு பேச்சு.

– அறிக்கைப்படி பார்க்குலயே ஜனங்க அதிகம் விரும்பற சவாரி பல்லிக் குகைதான் அத்தான்.

– யாரு சொன்னா? பல்லியா?

– சிவப்பு அட்டை.

– ஓகோ. அதாவது மணிக்கு ஒருக்கா ஒவ்வொரு சவாரி வாசல்லயும் கடைசியா வர்ற ஆளு கழுத்துல சிவப்பா ஒண்ணை மாட்டி விடறீங்களே, அது. ஏறும்போது அந்த ஆளு இந்தப் பெட்டியில தட்டணும். மாட்டினதுக்கும் தட்டினதுக்கும் நடுவுல எத்தனை நிமிஷம்னு உங்களுக்கு மேல வந்துடும். அதானே?

– அதேதான். அதுக்குப் பேரு விருப்ப நிமிஷம்.

– நின்ன நிமிஷம்னு பேரு வைக்க வேண்டியதுதானே?

– முதல்ல அப்படித்தான் வச்சிருந்தாங்க. கேக்க நல்லா இல்லன்னு மாத்திட்டாங்க. எவ்வளவு நேரம் நிக்கறாங்களோ அவ்வளவு ஆசைன்னு கணக்கு.

– அப்படிப் பாத்தா ரேஷன் கடைதான் இந்த நாட்டுலயே பிடிச்ச இடம். பொம்மை பண்ணி வித்துடுங்க. பெரியம்மா, இந்தப் பக்கம் கையைக் குடுங்க. ஆங். போலாம்!

– உங்க படகு நாலு நிமிஷம்.

– நாலா? யாரு சொன்னது? மூணுடா!

– பெருமைப்படாதீங்க. பிரச்சனையே அதுதான். நாலு நிமிஷம்னா இந்தச் சவாரி யாருக்கும் பிடிக்கலன்னு அர்த்தம். அங்க ஜவ்வு அண்ணன் குகையில எழுபது நிமிஷம்.

– அவன் ஏத்தறது அப்படி! ஜவ்வுன்னு பேரு சும்மாவா வந்துச்சு? ஒரு வண்டிக்கு மூணு தடவை பெல்ட்டை இழுத்துப் பாப்பான். ‘செக்கிங் போயிட்டிருக்குங்க’ம்பான். அப்புறம் மூக்கைத் துடைப்பான், துண்டை உதறுவான், காலி வண்டியை அனுப்பி வச்சிட்டு அது போற அழகைப் பாப்பான். அவன் வீட்டுல சோறு போடறதுக்குள்ள பிள்ளைங்க பெரிசாகிடும். அது ஒரு தொழிலா? ஜனங்களை வெயில்ல காய வச்சு வயிறு வளக்கறது!

– அந்த அண்ணனுக்குப் போன மாசம் பதக்கம் குடுத்தாங்க.

– தெரியும். காட்டிட்டுப் போனான். அதைக் காட்டறதுக்கே கால் மணி நேரம் எடுத்துக்கிட்டான்.

– முயல் பொம்மையையும் நிறுத்தறாங்க அத்தான்.

– இதென்னடா கூத்து? கடைக்குப் போற குழந்தைங்க எல்லாம் முயலைத்தானே கேக்குது? என் படகுலேர்ந்து இறங்கும்போதே ‘முயலு முயலு’ன்னு கத்திக்கிட்டுத்தானே ஓடுதுங்க?

– கேக்குதுங்க. ஆனா வாரத்துக்கு வித்தது நாப்பது. பல்லி நூத்திருபது.

– முயலை நாப்பதுதானேடா அனுப்பறீங்க! திங்கக்கிழமை பத்து மணிக்கே அலமாரி காலி. கடைக்கார அம்மா என்கிட்டயே வந்து புலம்புது.

– தீந்து போச்சுன்னு எழுத அந்தத் தாள்ல கட்டம் இல்ல. வித்ததுக்கு மட்டும்தான் கட்டம்.

– அப்ப செவ்வாய்க்கிழமையிலேர்ந்து முயல் கேட்டு அழற பிள்ளைங்க?

– அதுங்க கையில பல்லியைக் குடுத்து சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போறாங்க. அழுதது எங்க கணக்குல வராது. பல்லி வரும்.

– நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. இதுக்குத்தான் உன்னை உங்கக்கா அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வச்சாளா? சார், ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காராதீங்க, படகு சாயும். ஆங். போலாம்!

– அத்தான், எழுபது நிமிஷத்துக்கு ரெண்டாவது குகை கட்ட மாட்டாங்க. இன்னொரு எண் வந்துச்சு. அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணினாங்க.

– எவ்வளவு? எம்பதா?

– ஆயிரத்து அறுநூத்து இருபது.

– நிமிஷமா?

– இருபத்தேழு மணி நேரம்.

– ஜவ்வே ஆனாலும் அவ்வளவு இழுக்க முடியாதுடா. நடுவுல பார்க்கை மூடிட்டு வீட்டுக்குப் போவோமே?

– போன மாசம் அந்த வரிசையில ஒரு பெரியவர் விழுந்தாரே, ஞாபகம் இருக்கா?

– இருக்கு. பேரப்பிள்ளைங்களை நிழல்ல உக்கார வச்சிட்டு அவங்களுக்காக இடம் பிடிச்சு நின்னாராம். கம்பியைப் பிடிச்சபடியே சரிஞ்சாருன்னாங்க. முன்னாடி நின்னவன் மேல சாஞ்சப்ப, தள்ளறாருன்னு அவன் திட்டியிருக்கான்.

– அன்னைக்கு சிவப்பு அட்டை அவர் கழுத்துலதான் இருந்துச்சு.

– ஐயோ.

– ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்பவும் யாரும் கழட்டல. சவக்கிடங்குல சாமான் பட்டியல்ல எழுதியிருக்காங்க. மூக்குக்கண்ணாடி ஒண்ணு, செருப்பு ஒரு ஜோடி, சிவப்பு அட்டை ஒண்ணு. மறுநாள் சாயங்காலம் அவர் மகன் இங்க வந்து, உங்க சொத்து எங்ககிட்ட இருக்கக் கூடாதுன்னு குடுத்துட்டுப் போனார். அழல, திட்டல. குடுத்தார், போயிட்டார். ஜவ்வு அண்ணன் வாங்கினார். அட்டை கைக்கு வந்தா பெட்டியில தட்டணும்னு விதி.

– தட்டிட்டானா?

– தட்டிட்டார்.

– மேல ஒருத்தன்கூட இது என்ன எண்ணுன்னு கேக்கலையா?

– கேட்டாரு. பெரிய கூட்டத்துல தலைவரே எழுந்து கேட்டாரு. ‘ஒரு மனுஷன் இருபத்தேழு மணி நேரம் நிக்கற அளவுக்கு அந்தப் பல்லிகிட்ட என்னய்யா இருக்கு?’ன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க.

– நீ?

– நானும் தட்டினேன்.

– உனக்குத் தெரியுமா அப்ப?

– தெரியும். அந்த எண்ணைத் தாள்ல ஏத்தினதே நான்தான்.

– தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டிருந்த? ‘ஐயா, அந்த ஆளு நிக்கல, செத்துக் கிடந்தாரு’ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?

– செத்தது பாதுகாப்புப் பிரிவு. நிமிஷம் எங்க பிரிவு. அந்தத் தாளும் இந்தத் தாளும் ஒரே மேஜைக்கு வராது அத்தான். ரெண்டு தடவை எங்க மேலாளர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். மூணாவது தடவை அவரே கூப்பிட்டு, நல்ல எண் கொண்டு வந்தேன்னு தட்டிக் குடுத்தாரு.

– த்தூ.

– துப்புங்க. நானும் தினமும் கண்ணாடியைப் பாத்து அதைத்தான் செய்யறேன்.

– அதுக்கப்புறம் அந்த வரிசைக்குக் கூரையாவது போட்டாங்களா?

– பெட்டிக்குள்ள கேமரா வச்சாங்க. மாட்டின ஆளும் தட்டற ஆளும் ஒரே முகமான்னு பாக்கும். இனிமே செத்தவங்க அட்டையை வேற ஆளு தட்ட முடியாது.

– ரொம்ப அக்கறை. பாப்பா, கையை வெளிய நீட்டக் கூடாது, தண்ணிக்குள்ள முயல் இல்ல. போலாம்! சரி, நடந்தது நடந்து போச்சு. அந்த எண்ணை இப்பவாவது கோடு போட்டு அடிக்க வேண்டியதுதானே?

– கூட்டத்துல ஒத்துக்கிட்ட எண். அதை அடிக்கணும்னா ஒத்துக்கிட்ட பதினாலு பேரும் தப்புன்னு கையெழுத்துப் போடணும். அதுக்குக் குகையே கட்டிடலாம்னு நினைக்கிறாங்க.

– சரி, கட்டட்டும். என்னை வேற சவாரியில போட்டுருவாங்க. ராட்டினத்துல ஆளு கம்மின்னு கேள்விப்பட்டேன்.

– போட மாட்டாங்க.

– ஏண்டா?

– உங்க பேரு இந்தத் துறைக்குக் கீழதான் இருக்கு. துறை போனா பேரும் போகும். பேரு போன அன்னைக்கே அக்காவுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரிக் கதவும் மூடிடும்.

– கேக்குது. இறங்கறவங்க அந்தப் பக்கமா இறங்குங்க. பாத்து. பாத்து.

– வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல ரத்தம் சுத்தமாகி வரலன்னா அக்கா எத்தனை நாள்னு டாக்டர் என்கிட்ட சொன்னாரு. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு.

– வெளிய எங்கயாவது பாத்துக்கலாம்.

– எங்க?

– எங்கயாவது.

– நான் விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். அரசாங்க ஆஸ்பத்திரியில மெஷினுக்குப் பேரு எழுதி வச்சிட்டு அஞ்சு மாசம் இருக்கணும். அங்கயும் வரிசைதான். அஞ்சு மாசம் அக்கா தாங்க மாட்டா.

– அதைச் சொல்லத்தான் வந்தியா? இதை வீட்டுல வச்சே சொல்லியிருக்கலாமே. எதுக்கு சாப்பாட்டு நேரத்துல ஓடி வந்த?

– ஒரு வழி இருக்கு. அதாவது, இன்னைக்கு மூணு மணி வரைக்கும்தான் இருக்கு. சராசரி போட்டா பெரியவங்களுக்குப் புரியலன்னு, மாசத்துல எது உச்சமோ அந்த ஒரு எண்ணைத்தான் எடுக்கறாங்க. உச்சம் நாப்பது நிமிஷத்தைத் தாண்டின சவாரியை இடிக்கக் கூடாதுன்னு விதி. இந்த மாசக் கணக்கு மூணு மணிக்கு முடியுது. இப்ப ரெண்டு மணி அட்டையை வாசல்ல மாட்டப் போறாங்க. அதுதான் கடைசி.

– அதனால?

– அந்த ஒரு ஆளு நாப்பது நிமிஷம் நின்னா போதும்.

– அட்டையை நானே வாங்கி வச்சிட்டு அப்புறமா தட்டறேன். யாருக்கும் நோகாது.

– கேமரா. அந்த ஆளே தட்டணும். அந்த முகம் இங்கயே இருக்கணும்.

– அதாவது நான் ஜவ்வு ஆகணும்.

– ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு ஆளு.

– இங்க பாரு மாப்ள. இந்தத் துறையைச் சுத்திப் பாரு. எங்கயாவது கூரை தெரியுதா? பெஞ்சு தெரியுதா? தண்ணிக் குழாய்? இங்க யாரும் நிக்கறதே இல்லையேன்னு எதையும் போட்டு வைக்கல. நான் நிக்க வைக்காததாலதான் போடல. இந்த வெயில்ல இந்தச் சிமெண்டு மேல ஒரு ஆளை நாப்பது நிமிஷம் நிறுத்தச் சொல்ற. நீ அந்தத் தாள்ல ஒரு பெரியவரை ஏத்தினது பத்தலையா?

– பத்தல அத்தான். எனக்கு இருக்கறது ஒரே அக்கா.

– எனக்கும் ஒரே பெண்டாட்டிதான். இருந்தாலும் மனுஷனுக்கு ஒரு மானம் வேணும். ஏழாவது மாடியில உக்காந்துக்கிட்டு நிமிஷத்தை எண்ணறவனுக்கு அது புரியாது. மனுஷன் முகத்தைப் பாத்து ஏத்தி விடறவனுக்குத்தான் புரியும். போய் உங்கக்காகிட்டயே கேளு. அவளே சொல்லுவா, யாரையும் அப்படிப் பண்ண வேணாம்னு.

– காலையில கேட்டேன். மெஷின்ல படுத்திருந்தா.

– பாத்தியா? என்ன சொன்னா?

– ‘உங்க அத்தான் காதுல இதைப் போடாதடா. போட்டா செஞ்சிடுவாரு’ன்னு சொன்னா.

– ரெண்டு பேரா சார்? ஏறுங்க. போலாம்!

– சத்தியமா அதைத்தான் சொன்னா. போடக் கூடாதுன்னுதான் கிளம்பினேன். ஆனாலும் லிஃப்ட்ல இறங்கி இங்க வந்துட்டேன்.

– நீ போ மாப்ள.

– அத்தான், நான் வேணும்னா...

– போன்னு சொன்னேன்ல. டையை அவுத்துட்டுப் போ, வேர்த்து ஊத்துது. இங்க நீ நின்னா வர்றவங்களுக்கு இடைஞ்சல்.

– செய்வீங்களா, மாட்டீங்களா? அதையாவது சொல்லுங்க.

– வர்றாங்க பாரு. வழியை விடு. வாங்கம்மா, வாங்க! எத்தனை பேரு?

– அஞ்சு பேரு சார். நானு, இவரு, ரெண்டு பசங்க, எங்கப்பா. அப்பா, மெதுவா வாங்க, ஓடாதீங்க.

– ஓடலம்மா. பாருங்க தம்பி, வாசல்ல அத்தனை பேர்ல என்னைக் கூப்பிட்டு இதைக் கழுத்துல மாட்டினாங்க. பந்தயத்துல ஜெயிச்ச மாதிரி இருக்கு.

– நல்லா இருக்குய்யா உங்களுக்கு.

– சார், படகு வந்திருச்சு. ஏறலாமா?

– நாலு பேரும்மா. நாலு பேரு மட்டும்.

– முன்னாடி போனதுல ஆறு பேரு இருந்தாங்களே?

– செக்கிங் போயிட்டிருக்கும்மா. இப்ப நாலுதான்.

– அப்படின்னா அப்பாவும் இவரும் பசங்களோட போகட்டும், நான் இருக்கேன்.

– உள்ள இருட்டும்மா. சின்னவன் இப்பவே உங்க கையை விட மாட்டேங்கறான். ஐயா அடுத்ததுல வரட்டும்.

– ஆமா ஆமா, நீங்க போங்கம்மா. எனக்கென்ன, ஒரு நிமிஷம்தானே.

– சரிப்பா. சார், அவருக்கு முட்டி கொஞ்சம் தகராறு. கையைப் பிடிச்சு ஏத்தி விடுங்க, என்ன?

– நான் பாத்துக்கறேன்மா. போலாம்.

– அடடா, என்னமா மிதக்குது! தம்பி, இதோ அடுத்தது வந்திருச்சு. ஏறிடவா?

– இது இல்லைய்யா.

– காலியா இருக்கே?

– இருக்கட்டும்யா. பின்னாடி இருக்கறவங்க வாங்க. மூணு பேருமா? ஏறுங்க. போலாம்.

– என்ன தம்பி, எனக்குப் பின்னாடி வந்தவங்களை ஏத்தறீங்க? எங்காளுங்க ஆறு நிமிஷத்துல வெளிய வந்து என்னைத் தேடுவாங்களே.

– வெளிய வர்ற வழி பொம்மைக் கடைக்குள்ளய்யா. பசங்களோட போனவங்க அவ்வளவு சீக்கிரம் வர மாட்டாங்க.

– அது சரி. ஆனா என்னை மட்டும் ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்க?

– அட்டை போட்டவங்களுக்குத் தனிப் படகுய்யா.

– அப்படியா! எனக்கே எனக்கா? அது எப்ப வரும்?

– முப்பத்தஞ்சு நிமிஷத்துல வந்துடும்யா. அந்தக் கம்பி சுடும், பிடிக்காதீங்க. சும்மா நில்லுங்க.